காப்பகத்துக்கு ஆடிட் போன அப்பா

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் தாண்டி நீளும் சாலையின் இரு பக்கமும் கார் தயாராகிறது, கண்ணாடி தயாராகிறது, டயர் தயாராகிறது, செல்போன் தயாராகிறது. எந்தக் கம்பெனியும் பெயர்ப்பலகை வைத்து அறிவிக்காத இன்னொன்றும் அங்கே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் தயாராகி வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஆடிட் அப்பா என்று பெயர்.

பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடைக்கு வருவார். கிளாஸை வாங்கியதும் குடிக்க மாட்டார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார், சாய்ப்பார், விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுவார், அடியில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், அதற்குள் ஏடு கட்டிவிட்ட டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, சூடு சரியாக மெயின்டெயின் ஆகவில்லையே என்று கடைக்காரரிடம் வருத்தப்படுவார். முடிவெட்டப் போனால் சீப்புகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்ப்பார். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடப் போனால், முதலில் இறக்கிய பொங்கலை முதலில் கொடுக்கிறார்களா, இல்லை மேலாக இருப்பதை அள்ளிக் கொடுக்கிறார்களா என்று பிரசாதம் தருகிறவரை விசாரித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். கம்பெனியில் பிழை பிடிப்பது அவர் உத்தியோகம், அதற்குச் சம்பளம் வருகிறது. வெளியே அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார். எப்பேர்ப்பட்ட தாராள மனசு.

இந்த இனத்தின் முழு வீச்சையும் பார்க்க உங்களுக்கு ஆசை இருந்தால், டீக்கடை போதாது. பெற்ற பிள்ளையைச் சேர்க்க அவர் டே கேர் தேடிப் புறப்படும் நாளில் பின்னாலேயே போக வேண்டும்.

நம்முடைய சக்திகுமாரையே எடுத்துக்கொள்வோம். ஊர் நாங்குநேரிப் பக்கம். ஒரகடத்தில் பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மனைவி இசக்கிசெல்விக்கும் அதே பக்கம்தான். சுங்குவார்சத்திரத்துக்கு அருகே செல்போன் கம்பெனியில் லைனில் வேலை. சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார்கள். நடுவில் நிலா. நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், நிற்கத்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பேச்சில் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் தெளிவு. மற்றதெல்லாம் வேகமான வேறு ஏதோ மொழி.

இதுவரை நிலாவை இருவருமே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். எப்படி என்றால், சக்திகுமாருக்கு இரண்டாவது ஷிஃப்ட், இசக்கிசெல்விக்கு முதல் ஷிஃப்ட். மதியம் ஒரகடம் கூட்டு ரோட்டில் அவள் பஸ் வந்து நிற்கும். அவன் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருக்கும். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே, புழுதியில், ஹாரன் சத்தத்தில், பிள்ளை கை மாறும். அப்போது சக்திகுமார் சொல்லுவான் பாருங்கள், அதுதான் அழகு. லைனில் ஒரு ஷிஃப்ட் போய் இன்னொரு ஷிஃப்ட் வரும்போது மெஷின் எப்படி இருந்தது, எங்கே நின்றது, என்ன கவனிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள் இல்லையா, அதே மாதிரி: இட்லி ஒன்றரை போயிருக்கு, முட்டை துப்பிட்டா, ரெண்டு தடவ ஆய், தண்ணி நல்லா குடிச்சா, தூக்கம் கண்ணுல நிக்கி, வலது காதப் பிடிக்க விடு தூங்கிருவா. சொல்லி முடிக்கவும் டிரைவர் கிளட்சை விடவும் சரியாக இருக்கும். டீக்கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கூட்டு ரோட்டில் அவனைப்போல ஹேண்டோவர் கொடுத்த தகப்பன் எவனும் இல்லை என்பதை நாம் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவோம். பின்னால் அவனைக் கிழிக்கப்போகிறோம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு நல்ல செய்தி வந்து மோதியது. இசக்கிசெல்வியை லைன் லீடர் ஆக்கப்போகிறார்கள். எத்தனையோ வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே ஸ்குருவை முறுக்கிக்கொண்டிருந்தவள், இனிமேல் எழுந்து நடந்து, முறுக்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ளலாம். ஜெனரல் ஷிஃப்ட். அதே மாதம் சக்திகுமாரையும் ஜெனரலுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ்ஸும் காலையில் ஒரே நேரத்துக்குக் கிளம்பும். பிள்ளை யார் கைக்கு மாறும்? வருகிற திங்கள்கிழமை அவள் புதுப் பொறுப்பில் நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் அடுத்த ஸ்டூலில் இருக்கிறவள் நிற்பாள். வேண்டியது ஒரே ஒரு டே கேர்.

"அத எங்கிட்ட விடு" என்றான் சக்திகுமார். இசக்கிசெல்வியின் முகம் அந்தக் கணமே வாடியதை அவன் கவனிக்கவில்லை.

படப்பையில் ஒரு இடத்துக்குப் போனார்கள். மாடிப்படிக்குக் கதவு இருந்தது, கதவுக்குத் தாழ் இருந்தது, தாழ் உயரத்தில் இருந்தது. ஆனால் தரையில் நடைபாதைக்கு மஞ்சள் கோடு இல்லை. ஃபெயில். இன்னொரு இடத்தில், தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று ஆயாவைக் கேட்டான். எல்லாத்தையும் தூக்கிக்கினு ஓடுவேன் சார் என்றாள் அவள், யாரும் சொல்லக்கூடிய பதில். ஓடிப் பார்த்து ரிகர்சல் செய்ததுண்டா என்று கேட்டான். அவள் விழித்தாள். ஃபெயில். மூன்றாவது இடத்தில் எல்லாம் சரியாக இருந்து அவனுக்கே வேர்த்துவிட்டது. கடைசியில் ஜன்னல் சட்டத்தின் மேல்பக்கம், ஆள் ஏணி போட்டால்தான் தெரிகிற இடத்தில், நாற்காலி போட்டு ஏறி விரலைத் தேய்த்து, கறுத்த விரலை இறங்கிவந்து காட்டினான். பிள்ளைகள் அங்கே ஏறுமா என்று இசக்கிசெல்வி கேட்டாள். ஏறாது என்பது அனுமானம், அனுமானம் டேட்டா ஆகாது என்றான். ஏறி நின்ற நாற்காலி லேசாக ஆடியதையும் சேர்த்து எழுதிக்கொண்டான். பொம்மைகளை எந்த நாளில் வாங்கினார்கள், எப்போது கழித்துவிடுவார்கள் என்று ஒரு அம்மாவைக் கேட்டதற்கு, கை உடைஞ்சா தூக்கிப் போடுவோம் என்றார் அந்த அம்மா. "உடையுறதுக்கு முன்னாடியே தெரியணும்மா, அதான் குவாலிட்டி" என்று அவருக்கு இலவசமாகப் பாடம் எடுத்தான்.

சனிக்கிழமை வல்லக்கோட்டை போகிற வழியில் சந்திரம்மாளின் இடத்துக்கு வந்தார்கள். சொந்த வீடு, முன்னால் தகர ஷெட், மணல் கொட்டிய முற்றம், சாயம் போன ஒரு பிளாஸ்டிக் யானை. கம்பெனிகளுக்கு நிலத்தைக் கொடுத்துப் பணம் வந்தவுடன் ஊரில் பலர் புல்லட் வாங்கினார்கள். சந்திரம்மாள் ஷெட் போட்டு, உதவிக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, டே கேர் ஆரம்பித்துவிட்டாள். கேட்டைத் திறக்கும் முன்பே சத்தம் வந்து முகத்தில் அறைந்தது. ஒருவன் அழுகிறான், ஒருத்தி சிரிக்கிறாள், இரண்டு பேர் ஒரே கரண்டிக்காக வழக்காடுகிறார்கள், ஒருவன் எதற்கென்றே தெரியாமல் ஒரு பக்கெட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். சக்திகுமார் போனை எடுத்துச் சத்தத்தை அளந்தான். நம்பர் ஏறிக்கொண்டே போனது. இந்த ஷாப் ஃப்ளோரில் காதடைப்பான் இல்லாமல் நிற்கக்கூடாது என்று முடிவு செய்தான்.

"இங்க இன்சார்ஜ் யாரு?" என்று கேட்டான்.

உள்ளேயிருந்து சந்திரம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு பையன், தோளில் துண்டு. பின்னால் இன்னொரு குழந்தை விழுந்து வீறிட்டது.

"இன்சார்ஜா? இந்தா, இத்த புடி" என்று பையனை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

அந்தப் பையனுக்கு அன்பு என்று பெயர். முதலில் சக்திகுமாரின் ஐடி கார்டை வாயில் வைத்துப் பார்த்தான். பிறகு மூக்கைப் பிடித்தான். சக்திகுமார் ஒரு கையால் அன்பைச் சுமந்தபடி இன்னொரு கையின் விரலால் சட்டத்தில் தூசு பார்க்க எட்டினான். எட்டும்போது சட்டையின் முன்பக்கம் இளஞ்சூடாக நனைந்தது. சந்திரம்மாள் திரும்பி வந்து பார்த்தாள், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பையனை வாங்கினாள், துடைத்தாள், மாற்றினாள், வாயில் தண்ணீர் டம்ளரை வைத்தாள், இறக்கிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு அவன் பக்கம் ஒரு துண்டை வீசினாள். "தொட்ச்சிக்கபா. இன்னா கேட்ட?"

என்ன கேட்க வந்தோம் என்று அவனுக்கே மறந்துவிட்டது. நிலாவைத் தேடினால் அவள் யானையின் மேல் உட்கார்ந்திருந்தாள். பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கேட் வரைக்கும் அழுதாள், பைக்கில் அழுதாள், வளைவு திரும்பும் வரைக்கும் பின்னால் பார்த்து அழுதாள். வரும்போது நல்லாத்தான வந்தா, போகையில அழுதுகிட்டுப் போறா, இன்புட் ஓகே, அவுட்புட் டிஃபெக்ட் என்று தீர்ப்பு எழுதினான் சக்திகுமார். அழுகைக்கு வேறொரு அர்த்தமும் உண்டு என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அவனுக்குத் தோன்றவில்லை. லீக்கேஜ் வேறு. ஃபெயில்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம" என்றாள் இசக்கிசெல்வி.

"தெரியும் செல்வி."

"அதுக்கு அடுத்த நாளு திங்கக்கெழம." அவள் குரலில் கோபமில்லை. பயம்தான் இருந்தது. அந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிடலாம் என்று ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிறன்று, பெரிய அப்பார்ட்மென்டுகள் எழும்பியிருக்கும் பக்கம் ஒரு இடம் கிடைத்தது. ஆங்கிலத்தில் நீளமான பெயர்; பெயர் நமக்கு எதற்கு? பெற்றோர் பார்த்துப் போவதற்காக ஞாயிறும் திறந்து, நாலைந்து பிள்ளைகளையும் வரவழைத்து வைத்திருந்தார்கள். வாசலிலேயே விசிட்டர் பேட்ஜ் கொடுத்தார்கள். காலுக்கு உறை கொடுத்தார்கள். யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் முன்னால் வந்து, அவசர வழி அந்தப் பக்கம், முதலுதவிப் பெட்டி இந்தப் பக்கம் என்று இரண்டு கையையும் நீட்டிச் சேஃப்டி விளக்கம் கொடுத்தாள். சக்திகுமார் உருகிப்போனான். தன் சொந்தக் கல்யாணத்தில் கூட அவன் இப்படி உருகியதில்லை.

உள்ளே தரையில் மஞ்சள் கோடு. மஞ்சள் கோடு ஓடிப்போய்த் திரும்பி, கழிப்பறை வரைக்கும் போய், அம்புக்குறியோடு நின்றது. அலமாரியில் கரடிக்குக் கரடி வடிவத்தில் கோடு போட்டு, அதன் மேல் கரடி. லாரிக்கு லாரி வடிவம், அதன் மேல் லாரி. ஒரு பொம்மை இடம் மாறியிருக்கவில்லை. யாராவது விளையாடினால்தானே மாறும் என்ற கேள்வி, அவன் இருந்த பரவசத்தில், எழவில்லை. பிள்ளைகள் தரையில் ஒட்டியிருந்த வண்ண வட்டங்களில் வட்டத்துக்கு ஒன்றாக உட்கார்ந்து சுவரில் ஓடிய டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. நின்று கேட்டான், ஏசியின் உறுமல் மட்டும்தான். "லைன் எப்படி ஓடுது பாத்தியா" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

மேனேஜர் அறிவுமதி மேடம் ஒவ்வொன்றாக விளக்கினார். தினமும் மாலையில் போனுக்கு ரிப்போர்ட் வரும் என்றார். இசக்கிசெல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மேடம், பிள்ளைக்கு எப்ப எப்பத் தண்ணி குடுப்பீங்க? எப்ப மாத்துவீங்க?"

"ஆன் டிமாண்ட் மா" என்றார் மேடம், புன்னகையோடு. கேட்டால் கொடுப்போம்.

கேட்கத் தெரியாத பிள்ளை எப்படிக் கேட்கும் என்று இசக்கிசெல்வி வாயெடுப்பதற்குள் சக்திகுமார் குறுக்கே பாய்ந்துவிட்டான். ஆன் டிமாண்ட் என்றால் சும்மாவா? வேண்டியது, வேண்டியபோது, வேண்டிய அளவு. ஜப்பான்காரன் தலைகீழாக நின்று கண்டுபிடித்தது. இதைத் தங்கள் கம்பெனியில் கொண்டுவர எத்தனை பேர் வேலை போயிற்று என்று மேடத்துக்கே அவன் விளக்க, மேடம் தலையாட்டி ரசித்தார். நிலா உள்ளே வரும்போது அழுதாள். வட்டத்தில் உட்காரவைத்து டிவியின் பக்கம் முகத்தைத் திருப்பியதும் அடங்கிவிட்டாள். இன்புட் டிஃபெக்ட், அவுட்புட் ஓகே. பாஸ்.

திங்கள்கிழமை இசக்கிசெல்வி எழுந்து நின்றாள். லைன் லீடருக்குத் தனி நிறத்தில் ஒரு தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு அவள் நடந்த முதல் நடையைச் சொல்ல இன்னொரு கதை வேண்டும். சக்திகுமாரின் பஸ் சீக்கிரம் வந்துவிடும். அவள் பஸ் சுங்குவார்சத்திரம் நெரிசலைத் தாண்டி வந்துசேர நேரமாகும். எனவே பிள்ளையைக் கூட்டிவருவது, குளிப்பாட்டுவது, பையைப் பிரிப்பது, மறுநாளைக்கு அடுக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. இன்வர்டும் அவுட்வர்டும் என் டிபார்ட்மென்ட், நீ தலையிடாதே என்று சொல்லியே வாங்கிக்கொண்டான்.

முதல் நாள் பையைப் பிரித்தான். காலையில் வைத்த தண்ணீர் பாட்டில் வைத்தபடி இருந்தது, நிரம்பி. அடுக்கிவைத்த டயப்பர் அடுக்கியபடி. மாற்று உடுப்பு மடிப்புக் கலையவில்லை. பை மணத்தது, நிலாவின் பவுடர் மணம், புதுப் பையின் மணம். சக்திகுமார் அசந்துபோனான். நாள் முழுக்க ஒரு பிள்ளையை ஓட்டியிருக்கிறார்கள், துளி மெட்டீரியல் செலவாகவில்லை. போனில் ரிப்போர்ட்டும் வந்தது: நிலா இன்று மகிழ்ச்சியாக இருந்தாள். கூட ஒரு சிரிக்கிற சூரியன்.

மறுநாளும் நிரம்பிய பாட்டில். மறுநாளும் மகிழ்ச்சி. மறுநாளும் அதே சூரியன். "ஜீரோ வேஸ்டேஜ்" என்று கேன்டீனில் அருள்பாண்டியிடம் பீற்றிக்கொண்டான். அருள்பாண்டி பக்கத்து இருக்கை நண்பன், இரண்டு பிள்ளைக்காரன். "தண்ணி கூடவா குடிக்கல?" என்று அவன் கேட்டதற்கு, அங்கே ஃபில்டர் தண்ணீர் இருக்கும், அதைக் கொடுத்திருப்பார்கள் என்றான். டயப்பர்? நாம் வாங்குகிற பிராண்ட் அப்படி, நாள் முழுக்கத் தாங்குகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பக்கெட் தண்ணீரில் வாயை வைத்தாளே? விளையாட்டு. விளக்கு வைத்ததுமே சுருண்டு தூங்கிவிடுகிறாளே, காதைக்கூடப் பிடிக்காமல்? ப்ராசஸ் ஸ்டேபிள் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. பதில் இல்லாத இன்ஸ்பெக்டரை யார் மதிப்பார்கள்?

வாரக் கடைசியில் நிலாவுக்குத் தொடையிடுக்கு சிவந்து தோல் உரிந்தது. துடைக்கப் போனால் வீறிட்டாள். சக்திகுமார் பதறித்தான் போனான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதற்றத்திலும் முறை தவறவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மீனின் நடுமுள் மாதிரி ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கமும் முட்கள் இழுத்தான். குற்றம் எங்கிருந்து வருகிறது என்று கம்பெனியில் அப்படித்தான் தேடுவார்கள். ஒரு முள்ளில் வெயில். ஒரு முள்ளில் பவுடர். ஒன்றில் சோப்பு, ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் இசக்கிசெல்வியின் வளையல், இன்னொன்றில் மாமனார் வீட்டு வம்சத் தோல். டே கேருக்கு மட்டும் முள் கிடைக்கவில்லை. அதுதான் ஆடிட்டில் பாஸ் ஆகிவிட்டதே. சோப்பை மாற்றினான், பவுடரை நிறுத்தினான், வளையலைக் கழற்றச் சொன்னான். இசக்கிசெல்வி கழற்றி வைத்தாள். சிவப்பு மட்டும் போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் அவளுடைய லைனுக்குப் பாகங்கள் வந்துசேரவில்லை. சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். டே கேர் வாசலில் சக்திகுமார் காத்திருக்க, அவளும் வந்து நின்றாள். யூனிஃபார்ம் பெண் நிலாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். நிலா அம்மாவைப் பார்த்தாள். ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை, சும்மா தோளில் வந்து சாய்ந்தாள். இசக்கிசெல்வி ஒரு கையில் பிள்ளையைத் தாங்கி, இன்னொரு கையில் பையை வாங்கினாள். இரண்டு கையும் சட்டென்று தாழ்ந்தன.

"ஏங்க, பை கனக்கு" என்றாள்.

"ஆமா. ஒண்ணும் செலவாகல. டெய்லி இப்படித்தான்" என்றான், பெருமையோடுதான்.

"பிள்ளையும் கனக்கா." அவள் அங்கேயே, மஞ்சள் கோட்டின் மேலேயே, குந்தி உட்கார்ந்து டயப்பரைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் தன் கையால் கட்டியது. ஓரத்துப் பூப்படம் கூட அதே. ஊறி, தொங்கி, கிழியும் நிலையில் இருந்தது. பாட்டிலைத் திறந்து நிலாவின் வாயருகே வைத்தாள். பிள்ளை இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. மூச்சு விடாமல் குடித்தது. நிறுத்தி, அம்மாவைப் பார்த்து, பிடுங்கிவிடுவாளோ என்று பயந்ததுபோல மறுபடி குடித்தது.

யூனிஃபார்ம் பெண் உதவிக்கு வந்தாள். "நிலா ரொம்ப கோஆப்பரேடிவ் மேடம். எதுவுமே கேக்க மாட்டா."

சக்திகுமார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்போது அவன் போன் கிணுகிணுத்தது. நிலா இன்று மகிழ்ச்சியாக இருந்தாள். சூரியன் சிரித்தது.

இசக்கிசெல்வி சத்தம் போடவில்லை. பிள்ளை குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு தன் லைனில் புதுப் பையன்களிடம் கேட்கிற தொனியில் கேட்டாள். "உங்க கம்பெனியில ஒரு மெஷினு நாள் பூரா ஓடுச்சுன்னு சொல்லுதாவ. ஆயில் செலவாகல, தண்ணி செலவாகல, கழிவு விழல. அதுக்கு என்ன அர்த்தம்?"

வருஷக்கணக்காக அவனுக்குத் தெரிந்த பதில். டிரெயினிங் பையன்களுக்கு அவனே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தது.

"மெஷின் ஓடலன்னு அர்த்தம்" என்றான் சக்திகுமார்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் இந்தப் பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்த்து மெச்சியவன் அவன். கூட்டு ரோட்டில், பஸ் நகரத் தொடங்கிய பிறகும் ஜன்னலில் தலையை நீட்டி, தண்ணி குடிச்சாளா, தூங்கினாளா என்று சொல்லாமல் போகாதவன், இந்தக் கண்ணாடிக் கதவில் ஒரு நாளாவது யாரையாவது பிடித்து அதைக் கேட்டானா? கேட்கவில்லை. இங்கே தரை பளபளவென்று இருந்தது.

அங்கிருந்து நேரே எங்கே போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சந்திரம்மாள் கேட்டுக்கு உள்ளேயே நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னிக்கு வந்த ஆளுதானே நீ? நாக்காலி மேல ஏறி தூசு பாப்பியாமே? படப்பைலேர்ந்து ஆள் வந்து சொல்லிச்சு" என்றாள். அந்த வட்டாரத்து டே கேர்களில் அவனைப் பற்றிய ஆடிட் ரிப்போர்ட் அவனுக்கு முன்பே சுற்றுக்கு வந்திருக்கிறது. தூசு இங்கே கீது, நான் இல்லேன்னு சொல்லல என்றாள். இவள் ஃபில்டர் போடப்போவதில்லை, கோடு போடப்போவதில்லை, சூரியன் அனுப்பப்போவதில்லை. இஷ்டம் இருந்தால் விட்டுவிட்டுப் போகலாம். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிலா அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி, புண்ணுக்குக் காலை அகட்டி அகட்டி நடந்து, யானையிடம் போய்விட்டாள்.

மறுநாள் மாலை சக்திகுமார் கூட்டிவரப் போனான். உள்ளே வழக்கம்போல ஒரு போர். சந்திரம்மாள் ஒரு இடுப்பில் நிலாவும் மறு இடுப்பில் அன்புமாக வந்தாள். அவன் கேட்காமலே, மூச்சுவிடாமல், பஸ் கிளம்பிவிடும் என்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"காலைல கொஞ்சம் அயுதுச்சு, அப்பால சரியாயிடுச்சு. பருப்பு சாதம் துன்னுச்சு, கேரட்ட துப்பிச்சு. ரெண்டு தபா ஆய். புண்ணுக்கு எண்ண வெச்சிகீறேன், குடுத்த டயப்பரு அல்லாம் தீந்துச்சு, இனிமே வோணாம், ரெண்டு நாளு காத்தாட வுடு. மத்தியானம் தூங்கவே மாட்டேன்னுச்சு, அப்பால என் காத புடிச்சிக்கினு தூங்கிச்சு. தா, புடி."

சக்திகுமார் பிள்ளையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். ஹேண்டோவர். முழு ஹேண்டோவர். கண் கலங்கிவிட்டது, சட்டையில் துடைக்கப் போனான், அன்பு அதற்குள் ஐடி கார்டைப் பிடித்துவிட்டிருந்தான்.

வீட்டில் பையைப் பிரித்தான். பாட்டில் காலி, வாயில் சோற்றுப் பருக்கை. டயப்பர் ஒன்றுகூட மிச்சமில்லை. மாற்று உடுப்பு ஈரமாக ஒரு கவருக்குள். கூடவே யாருடையதோ ஒரு சாக்ஸ், ஒரு பிடி மணல், பாதி கடித்த பிஸ்கட். நாற்றம் போர்ஷன் முழுக்கப் பரவியது. இசக்கிசெல்வி தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவள், பையின் முன்னால் உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். நிலா அவன் வலது காதைத் திருகிக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வி சிரித்தாள், வாரக்கணக்கில் சேர்ந்திருந்த சிரிப்பு அது. நிற்க நேரம் பிடித்தது.

சக்திகுமார் இதோடு திருந்திவிட்டான் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு படித்துமா? இப்போது அவன் கேன்டீனில் பாட்டில் டெஸ்ட் பற்றி வகுப்பெடுக்கிறான். புதுத் தகப்பன்களின் பைகளை வாங்கி எடை பார்க்கிறான், மூக்கை உள்ளே விட்டு முகர்கிறான், நாற்றம் போதாது என்று முகம் சுளிக்கிறான். மணல் கூட இல்லாத டே கேரா என்று ஒரு புதுக் கேள்வி வேறு. அருள்பாண்டி இருக்கை மாற்றிக்கொண்டுவிட்டான்.

நீங்கள் அவன் மாதிரி இல்லை, ரொம்ப நல்லது. உங்களுக்கு மஞ்சள் கோடு பித்து கிடையாது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்த்தவர், ஏசி பஸ்ஸா என்று கேட்டவர், ஆஸ்பத்திரி வாசலில் பூந்தொட்டிகளை எண்ணியவர், சிசிடிவியில் பிள்ளையின் தலை தெரிந்தவுடன் நிம்மதியாகி அடுத்த வேலையைப் பார்த்தவர். சக்திகுமார் ஜன்னல் சட்டத்தில் விரலைத் தேய்த்தபோது சிரித்தீர்கள், பார்த்தோம். நடுவில் எங்கோ ஒரு இடத்தில் இந்தப் பக்கத்தையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஷிஃப்ட் கணக்கு சரியாக வருகிறதா என்று சோதித்தீர்கள், அதையும் பார்த்தோம்.

போகட்டும். உங்கள் பிள்ளை இன்று வீடு திரும்பியதும் மூலையில் போட்ட பை அங்கேயேதான் இருக்கிறது. பக்கவாட்டில் பாட்டில் செருகியிருக்கிறது. தூக்கிப் பாருங்கள், கனக்கிறதா என்று.